தன்னோடு சமாதானம்

நமக்கு வேண்டாதவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னால், ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லக்கூடும். ஆனால் ஒரு பெயரை மட்டும் அநேகமாய் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அது அவரவர் சொந்தப் பெயர். சகோதரனுக்கு நம்மேல் குறையிருந்தால், காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானமாக வேண்டும் என்பது நமது ஆண்டவருடைய கட்டளை. தன்னோடு தானே பகைத்துக்கொண்டவன் எந்த வாசலில் போய்ச் சமாதானம் பேசுவான்? பிரிய வாசகரே, இந்த வாரம் அதைப்பற்றிச் சற்று யோசிப்போம்.

இப்படிப்பட்ட பகை நம் பங்கில் இல்லையென்று சொல்வதற்கில்லை. காலை மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை வரை நின்றுகொண்டே போகிற குடும்பஸ்தர், தம்மோடு படித்தவன் வாங்கிய வீட்டையும் காரையும் நினைத்து, தாம்பரம் வருவதற்குள் தம்மைப் பத்துத் தடவை நொந்துகொள்ளுகிறார். பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைப்பற்றிச் சொல்லிப்போன ஒரு வார்த்தை, கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் காதில் விழுகிறது. நீட் பரீட்சையில் எதிர்பார்த்த மார்க் வராத பையன், வீட்டாரின் முகத்தைப் பார்க்கக் கூசி அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுகிறான். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவரோ, இனி நான் யாருக்கு வேண்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார். வயது வேறு, வருத்தம் வேறு. உள்ளே கேட்கிற முறையீடு ஒன்றே: நான் வேறொருவராய்ப் பிறந்திருக்கக் கூடாதா?

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நம் ஊரும் இடங்கொடுக்கிறது. நந்திவரம்–கூடுவாஞ்சேரி 2021-ம் ஆண்டில் நகராட்சியாயிற்று. 2023-ம் ஆண்டு டிசம்பரில் அருகே கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. முன்னே வயலாயிருந்த இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மனை, வீடு, மாதத் தவணை, பிள்ளைகளின் காலேஜ் என்று, பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போதும் பேச்சு இவற்றைப்பற்றியே. பேசுவதில் பாவமில்லை. ஆனால் அயலானுடைய படியைக் கையில் எடுத்துத் தன்னை அளக்கத் தொடங்கியவனுக்கு அளவு ஒருநாளும் நிறையாது. காய்மகாரம் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். பிறன் நன்மையைக் கண்டு வருந்துவது காய்மகாரம். தனக்குள்ள நன்மையைக் காணமாட்டாமல் வருந்துவதும் அதே வீட்டுப் பிள்ளைதான்.

இரண்டு தாலந்து வாங்கியவன்

அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின் 25-ம் அதிகாரத்தில் தாலந்துகளின் உவமை இருக்கிறது. எஜமான் பிரயாணம் போகுமுன் ஒருவனுக்கு ஐந்து தாலந்தும், ஒருவனுக்கு இரண்டும், ஒருவனுக்கு ஒன்றும் கொடுத்துப் போனான். பிரசங்கங்களில் ஐந்து வாங்கியவனைப் புகழ்வார்கள். ஒன்றைப் புதைத்தவனைக் கண்டிப்பார்கள். நடுவில் நிற்கிற இரண்டு தாலந்துக்காரனை யாரும் அவ்வளவாய்க் கவனிப்பதில்லை. நம்மில் அநேகர் அவனுடைய வகுப்பைச் சேர்ந்தவர்களல்லவா?

எஜமான் திரும்பி வந்தபோது நடந்ததைப் பாருங்கள். ஐந்தைப் பத்தாக்கினவனுக்குச் சொன்ன புகழ்ச்சியையே, இரண்டை நான்காக்கினவனுக்கும் சொன்னான். ஒரு சொல் கூட்டவுமில்லை, ஒரு சொல் குறைக்கவுமில்லை. நீ ஏன் பத்துக் கொண்டுவரவில்லை என்று அவனைக் கேட்கவேயில்லை. எஜமான் கொடாததை எஜமான் கேட்பானோ? கேட்கிறவர்கள் நாமும் நம்முடைய அயலாருமே. கணக்கு வாங்கப் போகிறவரோ அவர்.

இன்னுமொரு விஷயம். தாலந்து என்றால் ஏதோ ஒரு சில்லறைக் காசு என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 தெனாரியம். திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். வருஷத்துக்கு 300 நாள் வேலையென்று வைத்துக்கொண்டால், ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாளின் 20 வருஷத்துச் சம்பாத்தியம். மண்ணைத் தோண்டிப் புதைத்தானே கடைசி ஊழியன், அவன் புதைத்தது அத்தனை பெரிய பொருள். குறைந்த பங்கு வாங்கினவனும் ஏழையாய் அனுப்பப்படவில்லை. எஜமான் கடினமானவன் என்று அவன் பயந்தான், பயந்ததால் புதைத்தான். சர்வேசுரனைத் தன் தகப்பன் என்று நம்பாதவன், தனக்குக் கிடைத்ததைத் தண்டனையாகவே பார்ப்பான். அப்படிப் பார்க்கிறவன் அதை எடுத்து உபயோகிக்கவும் மாட்டான். தன்னை வெறுப்பது தாழ்ச்சி என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாழ்ச்சி என்பது உண்மையில் நிற்பது. இரண்டு வாங்கியவன் ஐந்து வாங்கினேன் என்று சொன்னால் ஆங்காரம். ஒன்றும் வாங்கவில்லை என்று சொன்னாலோ, அதுவும் பொய்தான்.

இது சோம்பலுக்குச் சாக்கா?

இங்கே ஒருவர் ஆட்சேபம் சொல்லக்கூடும். “என் சுபாவம் இப்படித்தான் என்று ஒவ்வொருவனும் சொல்லத் தொடங்கினால் குடிகாரன் குடியை விடுவானா? சோம்பேறி எழுந்திருப்பானா?” நியாயமான கேள்வி. இதற்கு விடை காண, நம்மிடத்திலுள்ளவற்றை இரண்டு குவியலாய்ப் பிரிக்க வேண்டும்.

பெற்றோர், பிறந்த வீடு, உடலின் நிறமும் உயரமும், புத்தியின் கூர்மை, நீங்காத வியாதி, கடந்துபோன வருஷங்கள், இவையெல்லாம் நம்மைக் கேட்டு வந்தவையல்ல. இவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். குடி, பொய், கோபம், கடமையில் அசட்டை, இவை நம்முடைய மனது சம்மதித்து வருகிறவை. இவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொள்ளுதல் ஒன்று, ஒப்புக்கொள்ளுதல் மற்றொன்று. ஒப்புக்கொண்டவன் திருத்திக்கொள்ளலாம். வைத்தியரிடம் போகிற நோயாளி, வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுகிறான். வியாதி தனக்குப் பிரியம் என்பதாலா காட்டுகிறான்? மறைத்தால் மருந்து கிடையாது என்பதால் காட்டுகிறான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுகிறவனும் செய்வது இதுவே. குற்றம் உள்ளதென்று சொல்லாமல் மன்னிப்பு எப்படி வரும்?

ஆனால் ஒப்புக்கொள்ளுவதிலும் ஒரு முறை உண்டு. அதைக் கற்றுக்கொடுத்தவர் அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார். அவர் 1567-ம் ஆண்டில் பிறந்து 1622-ம் ஆண்டில் மரித்தவர், ஜெனீவாவின் மேற்றிராணியார். 1906-ம் ஆண்டில் தஞ்சாவூருக்கு வந்து நம் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்கள் நடத்திவரும் சலேசிய குருக்கள் அவருடைய பெயரைத் தாங்கியவர்கள். குடும்பஸ்தருக்கும் பக்தி வாழ்வு உண்டென்று காட்ட 1609-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், நம்மீது நாமே சாந்தமாயிருக்க வேண்டியதைப்பற்றி ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். சிலர் கோபப்பட்டுவிட்டோமே என்று தங்கள்மேல் கோபப்படுகிறார்கள்; பிறகு அந்தக் கோபத்துக்காகவும் கோபப்படுகிறார்கள்; தண்ணீரில் கல் போட்டால் வட்டத்துக்குமேல் வட்டம் எழும்புவதுபோல் இது நிற்பதேயில்லை. அந்தக் கோபத்துக்குள் ஆங்காரம் மறைந்திருக்கிறது என்கிறார் அவர். நானா இப்படிச் செய்தேன் என்று திகைக்கிறவன், தன்னைச் சம்மனசு என்று எண்ணியிருந்தான் போலும்! பெற்ற தகப்பன் அன்போடு சொல்லும் புத்திமதி பிள்ளையின் மனதில் தங்குகிறது. ஆத்திரத்தில் அடித்த அடி தங்குவதில்லை. நம்முடைய ஆத்துமத்துக்கும் அப்படியே புத்தி சொல்லவேண்டும் என்பது அவர் போதனை.

இராயப்பரும் யூதாசும்

பெரிய வியாழக்கிழமை இராத்திரியில் இரண்டு பேர் ஆண்டவருக்குத் துரோகம் செய்தார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தான். இராயப்பர் ஒரு வேலைக்காரியின் கேள்விக்குப் பயந்து, அவரைத் தெரியாதென்று மூன்று தரம் மறுதலித்தார். இருவரும் துக்கப்பட்டார்கள். யூதாஸ் தன் பாவத்தை வாய்விட்டுச் சொன்னான். வாங்கின காசையும் தேவாலயத்தில் எறிந்துவிட்டான். குற்றத்தை அறிந்ததில் அவன் இராயப்பருக்குக் குறைந்தவனல்ல.

பின்னை எங்கே பேதம்? யூதாஸ் தன் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு, குற்றஞ்சாட்டினவர்களிடத்தில் போனான். அது உன் காரியம் என்று அவர்கள் கைவிரித்தார்கள். தன்னைச் சகிக்கமாட்டாமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இராயப்பர் மனங்கசந்து அழுதார். ஆனாலும் மற்ற சீஷரை விட்டு ஓடிவிடவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் நிற்கிறாரென்று கேட்டதும் படகிலிருந்து தண்ணீரில் குதித்தார். மூன்று தரம் மறுதலித்தவரிடத்தில் மூன்று தரம் அன்பைப்பற்றிக் கேட்டு, தம் ஆடுகளை அவர் கையிலேயே ஒப்புவித்தார் நமது இரட்சகர். மறுதலித்த அந்த இராத்திரியை அவர் வாழ்நாளிலிருந்து யாரும் அழித்துவிடவில்லை. நான்கு சுவிசேஷங்களிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டபடியே அவர் அப்போஸ்தலர்களின் தலைவராயிருக்கிறார்.

பெற்றோர் இதை நன்றாய்க் கவனிக்க வேண்டும். பரீட்சை முடிவு வருகிற நாட்களில் நம் நாட்டில் இளம்பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளைப் படிக்கிறோம். பிள்ளை தன் தோல்வியைத் தூக்கிக்கொண்டு யாரிடத்தில் போவான்? வீட்டில் அது உன் காரியம் என்ற முகம் தெரிந்தால் எங்கே போவான்? மார்க் பட்டியல் வருவதற்கு முன்பே, என்ன வந்தாலும் நீ எங்கள் பிள்ளை என்று தகப்பனும் தாயும் வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். மனதில் வைத்திருந்தால் போதாது, அவன் காதில் விழவேண்டும். உயிரே வேண்டாமென்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால் குருவானவரிடத்திலும் பேசலாம், வைத்தியரிடத்திலும் பேசலாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அரசாங்கத்தின் மனநல உதவி இலவசமாய்க் கிடைக்கும். ஜுரத்துக்கு மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவல்ல. மனதின் நோய்க்கும் அப்படியே.

பரங்கிமலை அப்போஸ்தலர்

ரயிலில் கடற்கரைப் பக்கம் போகும்போது தாம்பரம், மீனம்பாக்கம் தாண்டியதும் பரங்கிமலை வருகிறது. அர்ச். தோமையார் கி.பி. 72-ல் வேதசாட்சியாய் மரித்த இடம் அதுவென்பது நம் முன்னோர் வழிவழியாய்க் காத்துவரும் பாரம்பரியம். போர்த்துக்கீசர் 1523-ம் ஆண்டில் மலையுச்சியில் கோவில் கட்டினார்கள். 1547-ம் ஆண்டில் அங்கே பூமியிலிருந்து எடுத்த கற்சிலுவை இன்றும் பீடத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் நேர்ச்சையாய் அந்தப் படிகளை ஏறியிருக்கிறோம். சந்தேகப்பட்டவர் என்று நாம் சாதாரணமாய்ச் சொல்லிவிடுகிற இந்த அப்போஸ்தலர், தன்னை உள்ளபடி ஆண்டவர்முன் வைப்பது எப்படி என்பதில் நமக்கு ஆசிரியர்.

அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தில் அவர் பேசுவது மூன்று சமயங்களில். லாசரைப் பார்க்க யூதேயாவுக்குப் போவது ஆபத்து என்று தெரிந்தும், நாமும் போய் அவரோடு சாவோம் என்கிற கருத்தில் பேசினார். கடைசி இராப்போசனத்தில், தாம் போகிற வழி அவர்களுக்குத் தெரியுமென்று ஆண்டவர் சொன்னபோது, எங்கே போகிறீரென்றே தெரியாதே, வழி எப்படித் தெரியும் என்று கேட்டார். மற்றவர்களுக்கும் தெரியாதுதான், கேட்டவர் தோமையார். அவர் அறியாமையை வெளியிட்டதனாலன்றோ, வழியும் சத்தியமும் ஜீவியமும் தாமே என்ற மறுமொழி உலகத்துக்குக் கிடைத்தது! மூன்றாவது சமயம் நாம் எல்லாரும் அறிந்தது. காயங்களைத் தொட்டாலொழிய விசுவசிக்கமாட்டேன் என்றார். விசுவாசம் இல்லாதபோது இருப்பதாய் நடிக்கவில்லை. எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தபோது அவர் மற்றவர்களோடுதான் இருந்தார். சந்தேகத்தோடேயே சபையில் தங்கியிருந்தார். சபையாரும் அவரை வெளியே தள்ளவில்லை.

ஆண்டவர் அவருக்குக் காட்டினது என்ன? தம் திருக்காயங்களை. இதை நிதானமாய் யோசித்துப் பாருங்கள். மரணத்தை ஜெயித்த சரீரம் அது. கதவுகள் சாத்தியிருக்க உள்ளே வந்த சரீரம். இனி வலியில்லை, சாவில்லை. ஆணித் தழும்புகளும் மறைந்துபோயிருக்கலாமே. அவரோ அவற்றை வைத்துக்கொண்டார். வேதசாட்சிகளும் மோட்சத்தில் தங்கள் தழும்புகளைத் தாங்கியிருப்பார்கள், அவை அங்கே அவலட்சணமாயிராமல் மகிமையாயிருக்கும் என்று அர்ச். அகுஸ்தீன் எழுதுகிறார்.

நம்மை நாமே ஏற்றுக்கொள்ளுவதற்கு இதைவிட உறுதியான ஆதாரம் எது? நம் வாழ்வில் நேர்ந்த அடிகள், ஏழ்மை, அவமானம், பிறர் சொல்லிப்போன வார்த்தைகள் எல்லாம் இல்லாமற்போன பிறகுதான் நாம் பரிசுத்தராவோம் என்று எண்ணியிருந்தோம். அப்படியல்ல, காயத்தோடேயே நாம் மகிமையடையலாம். சமாதானம் உண்டாவதாக என்று சொன்ன அந்த வாய், அதே நிமிஷத்தில் காயத்தைத் தொட்டுப்பார்க்கச் சொன்னது. நம்முடைய விசுவாசம் தருகிற அமைதி காயமில்லாதவனின் அமைதியன்று. காயத்தை ஆண்டவர்முன் திறந்து காட்டினவனின் அமைதி அது.

சிறியவர்களாயிருந்து பெரியவர்களானவர்கள்

குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாள் 1897-ம் ஆண்டில் தமது 24-ம் வயதில் மரித்தார். அவர் காலத்தில் பணக்காரர் வீடுகளில் லிப்ட் புதிதாய் வந்திருந்தது. புண்ணியப் படிகளில் ஏறத் தமக்குச் சக்தியில்லை என்று கண்டு, சேசுநாதருடைய திருக்கரங்களே தம்மைத் தூக்கிச் செல்லும் லிப்ட் என்று எழுதினார். சக்தியில்லையே என்று அவர் துக்கப்படவில்லை. தூக்கப்படுவதற்குச் சிறியவராயிருப்பதே நல்லது என்று கண்டுகொண்டார். நான்காம் மாடியில் குடியிருக்கிற நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கு இந்த உவமை உடனே விளங்கும்! 1925-ம் ஆண்டில் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளிக்கப்பட்டது. 1997-ம் ஆண்டில் திருச்சபையின் வேதசாஸ்திரியாகவும் உயர்த்தப்பட்டார்.

அடுத்த நாடான கேரளத்தில் பிறந்த அர்ச். அல்போன்சம்மாளைப் பாருங்கள். கன்னியர் மடத்தில் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் கற்பிக்கத் தொடங்கினார். வியாதி அதை நெடுநாள் செய்யவிடவில்லை. மடத்து வாழ்வில் பெரும்பகுதி வியாதியிலேயே கழிந்தது. 1946-ம் ஆண்டில் பரணங்கானத்தில் மரித்தபோது வயது 35. உலகத்தார் கணக்கில் ஒன்றும் சாதிக்கவில்லை. 2008-ம் ஆண்டில் திருச்சபை அவரைப் பீடத்தில் ஏற்றியது. யாருக்கு நான் வேண்டும் என்று கேட்கிற முதியோரும் வியாதிக்காரரும் அவருடைய பெயரை நினைத்துக்கொள்ளட்டும். தங்கள் ஜெபமாலையின் ஒவ்வொரு மணியும் பேரப்பிள்ளைகளுக்குச் சம்பாதித்து வைக்கிற சொத்து என்பதை மறவாதிருக்கட்டும்.

செய்யத்தக்கது

படித்ததோடு நில்லாமல், இந்த வாரம் மூன்று காரியங்களை வழக்கப்படுத்திக்கொள்ளுவோம்.

முதலாவது, இராத்திரி ஆத்தும சோதனையை நன்றியோடு தொடங்குவோம். அன்றைக்குச் சர்வேசுரன் தந்த நன்மைகளில் மூன்றையாவது பெயர் சொல்லி நினைத்த பிறகே பாவங்களை எண்ணவேண்டும். வரவு எழுதாமல் செலவை மட்டும் எழுதுகிற கணக்குப் புத்தகத்தில் எப்போதும் நஷ்டமே தெரியும்.

இரண்டாவது, மாற்ற முடியாத ஒரு காரியத்தைக் குறித்து, தேவ சித்தம் என்று ஒருதரம் மனதாரச் சொல்வோம். மாற்றக்கூடிய ஒன்றை மறுநாளே மாற்றத் தொடங்குவோம். மறுபடியும் தவறினால் மறுபடியும் எழுந்திருப்போம். ஆச்சரியப்படவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்.

மூன்றாவது, வீட்டில் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிடுவதை நிறுத்துவோம். அண்ணனைப் பார், எதிர் வீட்டுப் பெண்ணைப் பார் என்கிற பேச்சு ஒரு வாரம் நம் வீட்டில் கேட்காதிருக்கட்டும். அவ்வாறே அயலார் பெண்களின் நிறத்தையும் பருமனையும்பற்றிப் பேசாதிருப்போம். பிறர் தம்மைத்தாமே வெறுக்கும்படி செய்கிற வார்த்தைக்கும் ஒருநாள் கணக்குச் சொல்லவேண்டும்.

அர்ச். சின்னப்பர் தம் சரீரத்திலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்றுமுறை மன்றாடினார். முள் எடுக்கப்படவில்லை, தேவ வரப்பிரசாதம் போதும் என்ற ஆறுதல் கிடைத்தது. அந்த முள்ளோடேயே அவர் உரோமை வரைக்கும் போனார்.

ஆண்டவரே, நான் விரும்புகிற என்னையல்ல, நீர் உண்டாக்கின என்னை உம்முடைய பாதத்தில் வைக்கிறேன். என் காயத்தை நீர் அறிவீர். அதை உமது திருக்காயத்தோடு சேர்த்தருளும். ஆமென்.